குழாய் வாஷரில் சுற்றிய வானொலி

இந்த மலருக்கு வழக்கமாக நான் எழுதுவது பழைய நூல்களைப் பற்றித்தான். பவணந்தி முனிவரைப் பற்றி எழுதினேன், சிந்தாமணியைப் பற்றி எழுதினேன். இந்த முறை மலர்க்குழு நண்பர் கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்தபோது மேசைமேல் கம்பிச் சுருளும் சால்டரிங் கருவியும் மூடி இல்லாத ஒரு தகரப் பெட்டியும் கிடந்தன. "இது என்னங்க?" என்று கேட்டார். சொன்னேன். "இதையே எழுதிக் கொடுத்துடுங்க" என்று கிளம்பிவிட்டார். ஆகவே இலக்கணம் எதிர்பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சிகந்தராபாத் ராணிகஞ்சில் எங்கள் கடை. குழாய், வால்வு, நட்டு, போல்ட் வியாபாரம். 2005 வாக்கில் கல்லூரிப் பையன் ஒருவன் வந்து பிளாஸ்டிக் குழாய் வாஷர் பத்து கேட்டான். எந்த அளவுக் குழாய்க்கு என்றேன். "குழாய்க்கு இல்லை அங்கிள், ரேடியோவுக்கு" என்றான். முப்பது வருஷமாக அந்த வாஷரை விற்கும் குடும்பம் எங்களுடையது. அதை ரேடியோவுக்குப் போடுவார்கள் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அவன் கட்டிக்கொண்டிருந்தது 'பிட்எக்ஸ்' என்ற டிரான்சீவர். டிரான்சீவர் என்றால் பேச்சை அனுப்பவும் வாங்கவும் ஒரே பெட்டி. அமெச்சூர் வானொலி, அதாவது 'ஹாம் ரேடியோ' என்பது அரசிடம் தேர்வெழுதி உரிமம் வாங்கித் தனி மனிதர்கள் நடத்தும் வானொலித் தொடர்பு. வெளிநாட்டில் செய்த நல்ல பெட்டி லட்சத்தைத் தொடும். இதற்கு மாற்றாக ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் என்பவர் 2003-ஐ ஒட்டி ஒரு சுற்றமைப்பை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். நம் ஊர்க் கடைத்தெருவில் கிடைக்கும் பொருளை வைத்தே அதைக் கட்டிவிடலாம். சில்லறை விலை டிரான்சிஸ்டர்கள், டிவி ஆண்டெனாவில் வரும் பேலன் உள்ளீடு, சுருள் சுற்றக் குழாய் வாஷர். வெளிவரும் சக்தி சுமார் 6 வாட். நம் வீட்டு இரவு விளக்கின் அளவு. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் இதைக் கட்டினார்கள்.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் படித்ததில்லை. பையனிடம் அந்த வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். ஒரு சூத்திரத்தை உரையில்லாமல் படிப்பது போலத்தான் இருந்தது. ஆனால் அதிலும் ஒரு இலக்கணம் உண்டு என்பது போகப் போகத் தெரிந்தது.

வேலை செய்யும் விதத்தை வியாபாரிக் கணக்கில் சொல்கிறேன். வானத்திலிருந்து ஆண்டெனாவில் வரும் அலை 7 மெகாஹெர்ட்ஸ். பெட்டிக்குள் நாமே ஒரு 3 மெகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்கி அதனோடு கலக்கிறோம். ஏழும் மூன்றும் பத்து. இந்தப் பத்தை நான்கு கிரிஸ்டல்கள் கோத்த சல்லடையில் விட்டால் ஒருவருடைய குரல் அகலம் மட்டும் கடந்து வரும், பக்கத்தில் பேசுகிறவர் வெளியே நின்றுவிடுவார். பிறகு இன்னொரு 10 மெகாஹெர்ட்ஸ் அலையோடு கலந்தால் மிஞ்சுவது பேச்சு. நாம் பேசும்போது இதே கணக்கு தலைகீழாக நடக்கும். பத்திலிருந்து மூன்று போனால் ஏழு.

இந்த வடிவமைப்பின் சாமர்த்தியம் எங்கே என்றால், போவதற்கு ஒரு சுற்று, வருவதற்கு ஒரு சுற்று என்று இரட்டிப்பாகக் கட்டுவதில்லை. ஒவ்வொரு பெருக்கியிலும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் எதிரெதிர்த் திசை பார்த்து நிற்கும். எதற்கு மின்சாரம் கொடுக்கிறோமோ அது மட்டும் வேலை செய்யும். காலையில் ஊருக்குள் போக மட்டும், மாலையில் வெளியே வர மட்டும் என்று போலீஸ்காரர் ஒரே தெருவைத் திருப்பி விடுகிறாரே, அது மாதிரி. சல்லடையும் கலப்பானும் இரண்டு வேலைக்கும் பொது. பாகம் பாதியாகிறது, தப்பும் பாதியாகிறது.

வாஷருக்கு வருகிறேன். அந்த 3 மெகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்கும் சுருளை வாஷரின் துளை வழியே எனாமல் கம்பியை விட்டு விட்டுச் சுற்றவேண்டும். இந்தச் சுருளின் அளவு மயிரிழை மாறினாலும் நிலையம் நகர்ந்துவிடும். ஃபெரைட் வளையம் சூட்டுக்கு ஏற்பத் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக்குக் காந்தக் குணமே கிடையாது, அதனால் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் ஹைதராபாத் மே மாதம் சும்மா விடுமா? மின்விசிறி காற்று பட்டால் ஒரு பக்கம் நகரும், நிறுத்தினால் மறுபக்கம் நகரும். பேசிக்கொண்டிருக்கும் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீச்சுக் குரலுக்குப் போவார். சுருளின்மேல் மெழுகு ஊற்றி, மின்தேக்கிகளை சூட்டுக்கு மாறாத வகையாகப் பார்த்து மாற்றி, அந்தப் பகுதியைத் தனித் தகர டப்பாவில் அடைத்த பிறகுதான் ஓரளவு நின்றது. பெட்டியைப் போட்டு அரைமணி கழித்துப் பேசு என்பது அந்தக் காலத்து விதி.

எனக்கு நேர்ந்த பெரிய இடறல் வேறு. மூல வடிவம் 14 மெகாஹெர்ட்ஸுக்கு. அதில் உள் அலை 4, பத்தும் நாலும் பதினாலு. எனக்கு வேண்டியதோ 7. ஏனென்றால் இங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வான்வழியாக ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குப் பகலில் ஏற்றது 40 மீட்டர் அலைவரிசை என்று சொல்லப்படும் இந்த 7-தான். ஆகவே உள் அலையை மூன்றுக்கு இறக்கினேன். ஆண்டெனா முனையில் உள்ள வடிகட்டிகளை மாற்றிச் சுற்றினேன். வாங்கும் பகுதியை மட்டும் முதலில் முடித்து மாடியில் கம்பி கட்டிக் கேட்டேன். குரல்கள் வந்தன. ஆனால் ஒரு சொல் புரியவில்லை. வாத்துக் கூட்டம் கத்துவது போல இருந்தது.

கிரிஸ்டல் கெட்டது என்று நினைத்துக் கோட்டி குஜராத்தி கல்லிக்குப் போய் வேறு வாங்கி வந்தேன். அதே வாத்து. திரும்ப வாங்கினேன். நாலு மாதம் இப்படியே போயிற்று. "கடையை முடிச்சுட்டு வந்து பெட்டிகூடச் சண்டை" என்று வீட்டில் அலுத்துக்கொண்டார்கள். பரண்மேல் போட்டுவிடலாம் என்று பெட்டியைத் துணியில் சுற்றியும் ஆயிற்று. கடைசியில் நகரத்து மூத்த ஹாம் ஒருவர் வந்து ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "பிஎஃப்ஓ சல்லடைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது?" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

குரலை அலையில் ஏற்றும்போது மேல்பக்கம், கீழ்பக்கம் என்று இரண்டு பிரதிகள் உண்டாகும். இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஒன்றை அனுப்பினால் போதும், மற்றதை வெட்டிவிடலாம். 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே பேசுகிறவர்கள் மேல்பக்கத்தையும், கீழே பேசுகிறவர்கள் கீழ்பக்கத்தையும் பயன்படுத்துவது உலக வழக்கம். நான் 14-லிருந்து 7-க்கு இறங்கினேனே தவிர, பேச்சைப் பிரித்தெடுக்கும் அந்த 10 மெகாஹெர்ட்ஸ் அலையைச் சல்லடையின் மறுகரைக்கு நகர்த்தவில்லை. ஆகவே தடித்த ஒலி மெலிந்தும் மெலிந்த ஒலி தடித்தும், தலைகீழாக வந்திருக்கிறது. பழுது என்று எதுவுமில்லை, எல்லாம் சரியாகவே வேலை செய்து தப்பாகக் கேட்டிருக்கிறது! கிரிஸ்டலோடு வரிசையில் சுருள் போட்டால் அதன் அலைவெண் சற்று இறங்கும், சிறு மின்தேக்கி போட்டால் சற்று ஏறும். ஏற்றவேண்டிய இடத்தில் ஒரு டிரிம்மரைப் போட்டுத் திருகினேன். வாத்து மனிதனாகியது. காதில் விழுந்த முதல் முழு வாக்கியம் தமிழ். "இங்க ராத்திரி நல்ல மழை, ஏரி பாதி ரொம்பிடுச்சு" என்று யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் ஊர்ச் செய்தி கேட்காதவனா நான்? ஆனாலும் அந்தப் பெட்டியை என் கையால் கட்டியிருந்தேன். துணியில் சுற்றி வைத்திருந்தால் அந்த மழை எனக்குப் பெய்திருக்காது.

பேசுவதற்கு உரிமம் வேண்டும். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை தேர்வு வைத்துக் கொடுக்கிறது. உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம், பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எனக்கு மோர்ஸ் தந்திக் குறிப்பும் தேர்வில் இருந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்தவனுக்கு மோர்ஸில் நெடிலுக்கு மூன்று மாத்திரை என்பது கைக்குப் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. நான் தேர்வெழுதிய 1978-ஆம் ஆண்டு விதிகளின்படி அமெச்சூர் அலையில் வியாபாரப் பேச்சு கூடாது. நாள் முழுக்க ரேட் கேட்கிறவர்களோடு இருப்பவனுக்கு அது தண்டனையா வரமா என்று நீங்களே சொல்லுங்கள்.

5 வாட் எப்படிப் போதும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிலையங்களின் பலத்தை அளக்கும் படிகளில் ஒரு படி ஏற நாலு மடங்கு சக்தி வேண்டும். 5 வாட்டுக்கு ஒரு படி மேலே 20. இன்னொரு படி மேலே 80. கடையில் வாங்கும் பெரிய பெட்டி 100 வாட். ஆக, இருபது மடங்கு சக்திக்குக் கிடைப்பது இரண்டு படியும் கொசுறும். ஒன்பது படியில் கேட்க வேண்டியவர் ஏழு படியில் கேட்பார், புரிதலில் குறை இராது. அந்த இரண்டு படியை நல்ல ஆண்டெனாவில் சம்பாதித்துக்கொள்ளலாம். 7 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்துக்குப் பத்து மீட்டர் வீதம் இரண்டு கம்பி, நடுவில் கேபிள், முடிந்தவரை உயரம். பணத்தைப் பெட்டியில் போடாதே, கம்பியில் போடு என்பது என் கட்சி.

இன்னொரு உதவி வானத்திலேயே இருக்கிறது. பகலில் சூரிய ஒளியால் அறுபது முதல் தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அயனி அடுக்கு உண்டாகி 7 மெகாஹெர்ட்ஸ் அலையை ஓரளவு விழுங்கும். அதற்கும் மேலே உள்ள அடுக்குதான் அலையைத் திருப்பி அனுப்புவது. பொழுது சாய்ந்ததும் விழுங்கும் அடுக்கு கரைந்துவிடும், சின்னக் குரலும் தூரம் போகும். இருட்டுமுன் உண்டு முடிப்பது எங்கள் வழக்கம் என்பதால், அக்கம்பக்கத்தில் டிவித் தொடர் ஆரம்பிக்கும் நேரத்தில் எனக்குக் கை ஒழிந்திருக்கும். என் முதல் பேச்சும் அப்படி ஒரு மாலையில், சென்னைப் பக்கத்து அன்பர் ஒருவரோடு நடந்தது. தெளிவு 5, பலம் 7 என்று மதிப்பெண் கொடுத்தார். எத்தனை வாட் என்று கேட்டார். ஐந்து என்றேன். "ஐம்பதா?" என்றார். ஐந்து, ஐந்து என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை. கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டருக்கு 12 வோல்ட்டுக்குப் பதில் 24 கொடுத்தால் சக்தி கூடும் என்று படித்தேன். கொடுத்தேன். கூடியது, ஒரு வாரம். அப்புறம் ஒரு வாசனை, அவ்வளவுதான். அடுத்ததை மாற்றும் அவசரத்தில் மைக்கா வாஷர் போட மறந்தேன். அந்த டிரான்சிஸ்டரின் உலோகத் தகட்டிலேயே மின்சாரம் ஓடும், பெட்டியின் உடம்பைத் தொட்டால் நேரே ஷார்ட். வாஷர் வியாபாரி வாஷர் போட மறந்து ஃபியூஸைக் கருக்கிய கதையை எங்கள் வட்டத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இல்லறத்தார்க்கு எங்கள் சமயம் வைத்த ஐந்து விரதங்களில் கடைசி பொருள் வரைதல், இவ்வளவு போதும் என்று தானே கோடு போட்டுக்கொள்வது. என் கோடு 12 வோல்ட்.

குறைந்த சக்தியால் இன்னொரு பயன் அடுக்குமாடிக்காரர்களுக்குத் தெரியும். மாடியில் கம்பி கட்டிய முதல் வாரமே, டிவியில் கோடு விழுகிறது, கழற்றுங்கள் என்று குடியிருப்பில் புகார் வந்தது. அவர்கள் டிவியை ஓடவிட்டு அவர்கள் முன்னாலேயே பேசிக் காட்டினேன். ஒன்றும் விழவில்லை. 100 வாட் வைத்திருந்தால் அவ்வளவு தைரியமாகப் போயிருக்க மாட்டேன். இப்போது நிலைமை தலைகீழ். அவர்கள் வீட்டு மலிவு எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சலில் எனக்குத்தான் கேட்பதில்லை. என் வீட்டில் ஒவ்வொரு விளக்காக அணைத்துப் பார்த்து இரைகிறவற்றை மாற்றினேன். பெட்டியை யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுகிறேன். பக்கத்து வீட்டு விளக்கை மாற்ற இன்னும் வழி தெரியவில்லை.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கா என்றால், 26 டிசம்பர் 2004 அன்று சுனாமி வந்தபோது ஹைதராபாத்தில் உள்ள அமெச்சூர் வானொலி தேசிய நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் அம்மையாரும் குழுவினரும் வேறு வேலையாகப் போர்ட் பிளேரில் இருந்தார்கள். மற்ற தொடர்புகள் அறுந்த நிலையில் அவர்களுடைய நிலையம் செய்திகளைக் கடத்தியது. அந்தமானில் உறவுக்காரர் உள்ள நம்மவர் பலருக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது.

2016-இல் ஃபர்ஹான் பிட்எக்ஸ்-40 என்று பலகையாகவே தயாரித்து விற்க ஆரம்பித்தார். ஹைதராபாத்தில் பெண்கள் குழு ஒன்று கையால் சுருள் சுற்றிக் கட்டிக் கொடுத்த பலகை. அதோடு வந்த சிறு கணினிப் பலகை அலையைத் தானே நிலைநிறுத்தும். மின்விசிறி, மே மாதம் எதற்கும் அசையாது. நானும் என் பழைய பெட்டியில் அப்படி ஒரு சில்லை ஏற்றிவிட்டேன், வாஷர் சுருளைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஆனால் கற்றுக்கொள்ள நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, முதல் பெட்டியில் சுருளை நீங்களே சுற்றுங்கள். வாங்கும் பாதியை முதலில் கட்டி ஒரு மாதம் கேளுங்கள், பிறகு அனுப்பும் பாதிக்குப் போங்கள். வாத்துச் சத்தம் வந்தால் கிரிஸ்டல் வாங்க ஓடாதீர்கள், பிஎஃப்ஓ எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

அந்த அளவு வாஷர் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவில் தனியாக இருக்கிறது. ரேடியோவுக்கு என்று சொன்னால் பையன்கள் காசு வாங்கமாட்டார்கள்.