சிதறிய துண்டுகளை வாசித்தல்

விமர்சகனுக்கு 'மாறுநிலை' என்பது கைக்கெட்டிய ஓர் உருவகம். இயற்பியலிலோ அது அளந்து காட்ட வேண்டிய புள்ளி. 1869-ல் தாமஸ் ஆண்ட்ரூஸ் காட்டினார்: சுமார் 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் கரியமில வாயுவை எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. அந்தப் புள்ளியில் திரவம், வாயு என்ற எதிர்வே அழிந்துபோகிறது.

அணுக்கருவுக்கும் இப்படியொரு புள்ளி உண்டா? கேள்வி வீம்புக்குக் கேட்டதல்ல. கருவிலுள்ள துகள்களும், மூலக்கூறுகளைப் போலவே, சற்றுத் தள்ளியிருந்தால் ஈர்க்கும், மிக நெருங்கினால் விலக்கும். அப்படியானால் அதுவும் கொதிக்க வேண்டுமே?

ஆனால் இந்தத் துளியை அடுப்பில் ஏற்ற முடியாது. மோதி உடைத்து, துண்டுகளை எண்ணி, உடைந்த கணத்தைப் பின்னோக்கி வாசிக்க வேண்டும். 1982-ல் வெளியான ஃபெர்மிலாப் சோதனையில் கிரிப்டான், செனான் கருக்களைப் புரோட்டான்களால் அடித்தார்கள். துண்டின் நிறை கூடக்கூட எண்ணிக்கை ஓர் அடுக்கு விதிப்படி குறைந்தது. மைக்கேல் ஃபிஷரின் துளிக் கோட்பாடு மாறுநிலைப் புள்ளியில் எதிர்பார்ப்பதும் இதைத்தான். 1994-ல், பெர்க்லியில் தங்கத்தைக் கார்பன்மீது மோதவிட்ட ஈஓஎஸ் குழு அடுக்கு சுமார் 2.14 என்றது. திரவங்களுக்கு அது ஏறக்குறைய 2.2. பொருந்துதே!

அவ்வளவுதானா? இல்லை. ஒரு முப்பரிமாண வலையின் இணைப்புகளைக் குருட்டாம்போக்கில் அறுத்துக்கொண்டே போங்கள். அது சிதறும் கட்டத்திலும் துண்டுகளின் அடுக்கு ஏறக்குறைய 2.2தான். அங்கே வெப்பமும் இல்லை, திரவமும் இல்லை. ஒரே தடயம், இரண்டு வாசிப்பு. வேறு அடுக்குகளையும் சேர்த்து அளந்தால்தான் இரண்டும் பிரியும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கு: மாறுநிலை கறாராக அமைவது எல்லையற்ற அமைப்பில். தங்கத்தின் கருவில் துகள்கள் மொத்தமே 197. கூர்முனை மழுங்கிப்போகிறது. உரசிப்போன மோதலும் நேர்மோதலும் கணக்கில் கலந்துவிட்டால், அந்தக் கலப்பேகூட அடுக்கு விதியைப் போலத் தோற்றம் தரலாம்.

1995-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் அலடின் குழு வேறு வழியில் போனது. ஆற்றலை ஏற்றிக்கொண்டே போனாலும் வெப்பநிலை 5,000 கோடி டிகிரிக்குச் சற்று மேலே ஓரிடத்தில் தங்கிநின்றது, கொதிக்கும் தண்ணீர்போல. ஆனால் இது கொதிப்புக்கான சாட்சியம். மாறுநிலைப் புள்ளிக்கானது அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எனக்கு இந்தத் தேடலில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். பிரதியில் ஓர் அமைப்பைக் கண்டதுமே அதன் காரணத்தையும் கண்டுவிட்டதாக நாம் எழுதிவிடுகிறோம். இதே அமைப்பை வேறெது தந்திருக்கக்கூடும் என்று கேட்பது அவர்களுக்கு வேலையில் பாதி. நமக்கு அது இன்னும் பழகவில்லை.