பொன்னுக்கு ஏற்ற ஒளி

வடமாலபேட்டை வட்டாரத்து நம் தமிழ்க் குடும்பங்களிற் சில, வீட்டிலிருந்தபடியே மணி கோத்தும் கல் பதித்தும் நகை செய்து விற்று வருகின்றன. வாங்குவோர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கின்றனர். அவர்கள் காண்பது நகையை அன்று, கைபேசியில் வரும் படத்தை. படம் கெட்டால் உழைப்புக்குரிய கூலியும் கெடுகிறது. ஆகவே இது குறித்துச் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

நாகர்கோவிலில் உள்ள வடசேரியின் கோயில் நகைகளை நேயர்கள் அறிவர். நாட்டியப் பெண்கள் அணியும் சூரியப் பிறை, சந்திரப் பிறை, ராக்கொடி ஆகியவற்றுக்குப் பேர்போன ஊர் அது. வெள்ளியில் வடிவம் அமைத்து, சிவந்த கெம்புக் கற்களைப் பதித்து, பொன் தகட்டை அழுத்தி ஒட்டுவது அங்குள்ள முறை. கையால் அழுத்திய அத்தகட்டின் நுண்ணிய மேடுபள்ளமே, அச்சில் வார்த்த போலியினின்று அதனைப் பிரித்துக் காட்டும். ஆனால் கைபேசியின் பிளாஷை நேரே பாய்ச்சினாலோ, மேடுபள்ளம் மறைந்து பொன் வெளுத்துவிடுகிறது. பிறகு அசலும் போலியும் ஒன்றே. போலியின் விலைக்கே கேட்பார்கள்!

காரணம் யாதெனில், மெருகிட்ட பொன் ஒரு கண்ணாடி. எதிரே உள்ளதையே அது காட்டும். நீலப் புடவை உடுத்தியவர் அருகில் நின்று படமெடுத்தால் பொன்னிலும் நீலம் படியும். ஆகவே நகைக்கு எதிரே வெண்மையை நிறுத்துதல் வேண்டும். சன்னலில் வெள்ளை மல் வேட்டியைக் கட்டி, அதன் வழியே பரவி வரும் பகலொளி பக்கவாட்டில் விழுமாறு நகையை வைக்கலாம். துணி அருகில் இருக்க இருக்க ஒளி மென்மையாகும். மறுபுறம் ஒரு வெள்ளை அட்டை நிறுத்தினால் நிழல் தெளியும். விளிம்பு மங்கினால் சிறு கறுப்புக் காகிதத்தை ஓரத்தில் வைத்துப் பாருங்கள்; கோடு தீட்டியதுபோல் வடிவம் எழும்.

கெம்புக்கு இன்னொரு தொல்லை உண்டு. மலிவான எல்.ஈ.டி. விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பொளி குறைவு; அதனால் கல் மங்கித் தெரிகிறது. நிறம் மாறி வந்ததென்று பார்சல் திரும்பினால் தபாற்செலவும் செய்தவர் தலையில்தான். விளக்கே வேண்டுமெனில், பெட்டியில் சி.ஆர்.ஐ. 90க்கு மேல் குறித்துள்ளதை வாங்குக. சன்னலொளியையும் மஞ்சள் விளக்கையும் ஒருங்கே கலத்தல் ஆகாது. ஒரே நகையில் இருநிறம் காணும்.

கைபேசியை நகையின்மேல் கவிழ்த்துப் பிடித்தால் அதன் நிழலே விழும். ஓரடி தள்ளி நின்று, இருமடங்கு பெரிதாக்கி எடுப்பது நன்று. நகையின் பின்புறத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புக. அடியில் உள்ள வேலையையும் வாங்குவோர் பார்த்துக்கொள்ளட்டும்.