டிஃபரன்ஷியல் எண்ணெய் ஏன் பால் நிறமாகிறது?

ஓடையைக் கடந்து வந்த ஏ.டி.வி.யின் டிஃபரன்ஷியலைத் திறந்தால், சில நேரம் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல இருக்கும். கூட்டில் விரிசல் இல்லை, சீலும் கிழியவில்லை. பிறகு தண்ணீர் எப்படிப் போனது?

ஓட ஓடப் பற்சக்கர உராய்வில் கூடு சூடாகிறது. உள்ளிருக்கும் காற்று விரிந்து மூச்சுக்குழாய் வழியே வெளியேறுகிறது. அந்தச் சூட்டோடு வண்டியைத் தண்ணீரில் இறக்கினால் மிச்சக் காற்று சட்டென்று சுருங்கி, உள்ளே அழுத்தம் குறைகிறது. மூச்சுக்குழாய் சேற்றால் அடைபட்டிருந்தால் சீல் விளிம்பு வழியே நீர் உறிஞ்சப்படும். சீல் எண்ணெயை உள்ளே நிறுத்தத்தான் செய்யப்பட்டது. எதிர்த்திசை இழுப்பை அவ்வளவாகத் தாங்காது.

நீர் கலந்தால் பற்களுக்கிடையே எண்ணெய்ப் படலம் மெலிந்து அறுபடும், பேரிங் துருப்பிடிக்கும். ஆகவே தாமதிக்காமல் மாற்றுங்கள்.

சற்று ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்கி, சமதளத்தில் நிறுத்துங்கள். முதலில் ஊற்றும் மூடியைக் கழற்ற வேண்டும். எண்ணெயை வடித்த பிறகு அது அசையாமல் அடம்பிடித்தால் வண்டி அங்கேயே நிற்கும்! வடிமூடியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் இயல்பு. உலோகச் சில்லுகள் இருந்தால் பழுது.

பெரும்பாலான வண்டிகளில் ஊற்றும் துளையின் அடிமரை வரை நிரப்பினால் போதும். சில வண்டிகளின் முன் டிஃபரன்ஷியலுக்குத் தனி எண்ணெய் உண்டு, கையேட்டைப் பாருங்கள். பால் நிறம் கண்டிருந்தால், சிறிது தூரம் ஓட்டி இன்னொரு முறை மாற்றுங்கள். மூச்சுக்குழாயையும் ஊதிப் பாருங்கள்.