ஸ்டியரிங் ஆட்டமும் நான்குவழிச் சாலையும்

ராஜபாளையத்தை அடுத்த சோழபுரம் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பிக்கப் ஒன்றில் ஏறி, ஓட்டுபவரின் கையைக் கவனியுங்கள். நேர்ச்சாலையிலும் அந்தக் கை சும்மா இருக்காது. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று வளையத்தை அசைத்துக்கொண்டே இருக்கும். கேட்டால், "கொஞ்சம் ஆட்டம் இருக்கு, பழகிப்போச்சு" என்பார். பழகிப்போனது என்னவோ உண்மைதான். ஆனால் அந்தப் பழக்கம் உருவான சாலை இப்போது இல்லை.

அந்தச் சாலையையும் அதில் ஓடிய வண்டியையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1940களின் கடைசியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைச் சேர்த்துக் கட்டத் தொடங்கிய மஹிந்திரா, அதே வடிவத்தைப் பல பத்தாண்டுகள் செய்து விற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோப்புகளுக்குள் மாங்காய்க்கும் தேங்காய்க்கும் போய்வர அதைவிடத் தோதான வண்டி அன்றைக்குக் கிடையாது. அதன் ஸ்டியரிங் அமைப்பில் மூட்டுகள் அதிகம். வளையத்தைத் திருப்பினால் பெட்டிக்குள் இருக்கும் திருகுப்பள்ளத்தில் இரண்டு முளைகள் நகரும். அவை பிட்மேன் ஆர்மைத் தள்ளும், அது டிராக் லிங்கைத் தள்ளும். டிராக் லிங்க் நேரே சக்கரத்துக்குப் போகாது. சேஸின் முன்குறுக்குச் சட்டத்தில் ஒரு பின்னில் நிற்கும் பெல் கிராங்கைத் திருப்பும். அங்கிருந்து இரண்டு டை ராட்கள் இரண்டு சக்கரத்துக்கும் பிரிந்து போகும். ஒவ்வொரு மூட்டிலும் நூல் அளவு தேய்ந்தாலும், எல்லாம் கூடி ஓட்டுபவர் கைக்கு வரும்போது விரல்கணக்காகிவிடும். பெல் கிராங்க் பின்தான் அதில் முதல் குற்றவாளி. மண்ணும் சேறும் நேரே அடிக்கும் இடத்தில் அது இருந்தது.

அந்த ஆட்டத்தோடு ஒரு தலைமுறையே வண்டி ஓட்டியது. அவர்கள் தப்பித்ததற்குக் கைத்திறமை மட்டும் காரணமில்லை, வேகமும் காரணம். சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் மூன்று மீட்டர் இடைவெளி உள்ள வண்டியில், முன்சக்கரம் நேர்க்கோட்டிலிருந்து ஒரே ஒரு டிகிரி விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒரு நொடியில் வண்டி பக்கவாட்டில் சுமார் 20 சென்டிமீட்டர் நகரும். அதே ஒரு டிகிரி, அதே ஒரு நொடி, வேகம் மட்டும் 80 என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். வேகம் மூன்று மடங்குகூட ஆகவில்லை, விலகலோ ஏழு மடங்கு. டயர் வழுக்குவதையெல்லாம் சேர்க்காத வெறும் காகிதக் கணக்குதான் இது. ஆனாலும், தோப்புப் பாதையில் ஒன்றும் செய்யாத ஆட்டம் பெரிய சாலையில் பக்கத்து வண்டியை ஏன் உரசுகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் நோக்கி நான்குவழிச் சாலை வந்திருக்கிறது. நடுவில் தடுப்பு, நீளமான நேர்க்கோடு. சப்பட்டை மாம்பழமோ சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்கட்டோ ஏற்றிக்கொண்டு மதுரைப் பக்கம் போகும் பிக்கப், அறியாமலே எண்பதைத் தொட்டுவிடும். தெற்கே செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் புளியரையின் எஸ் வளைவு. அங்கே ஸ்டியரிங் ஒவ்வொரு முறை பக்கம் மாறும்போதும், முதலில் அந்த ஆட்டத்தைக் கடந்த பிறகுதான் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்கும்.

சட்டம் இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி, ஸ்டியரிங் வளையத்தில் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. நாற்பது சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வளையத்தில், விளிம்பில் அளந்தால் அது பத்து சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். என்னைக் கேட்டால் இது மிகத் தாராளமான எல்லை. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுச் சோதனையில் தேறிவிட்டது என்பதாலேயே நான்குவழிச் சாலைக்கு வண்டி தகுதியாகிவிட்டது என்று நினைப்பது ஆபத்து. அதே விதி இன்னும் இரண்டு விஷயங்கள் கேட்கிறது: பால் ஜாயிண்ட்களுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். டிகிரிக் கணக்கைவிட இந்த இரண்டும் எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன.

அன்றைய பட்டறை வேலையை மதிப்போடு நினைக்கிறேன். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய பிறகு நூற்பாலைகள் பெருகிய ஊர் இது. மில் இருந்தால் லேத் இருக்கும், கடைசல் தெரிந்த கை இருக்கும். பெல் கிராங்க் பின் தேய்ந்தால் புதிதாகக் கடைந்துகொள்வார்கள். ஊசி பேரிங் போன இடத்தில் கன்மெட்டல் புஷ் கடைந்து இறக்கி, கிரீஸ் போக ஒரு வழியும் வெட்டிவிடுவார்கள். கிங் பின் பேரிங் தளர்ந்தால் மெல்லிய ஷிம் தகட்டை எடுத்துவிட்டு மூடியை இறுக்கி, சக்கர முட்டியைக் கையால் திருப்பிப் பார்ப்பார்கள். சும்மா திரும்பினால் இன்னும் தளர்வு, இறுகிப் பிடித்தால் ஒரு தகடு திரும்பவும் உள்ளே போகும். கம்பெனிக் கையேடு இதற்கு ஸ்பிரிங் தராசு வைத்து இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. பழகிய கைகள் அந்த இழுவையை மனப்பாடமாக வைத்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேல், கிரீஸ் கன் பிடித்து நிப்பிள் நிப்பிளாக ஏற்றும் வேலை இருந்தது. அதைச் செய்பவர் வண்டிக்கு அடியில் படுத்தே ஆக வேண்டும். படுத்தவர் கண்ணில் தளர்ந்த மூட்டு தானாகவே படும்.

அதற்காக அந்தக் காலத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது. பற்றவைத்து மேடேற்றிக் கடைந்த பிட்மேன் ஆர்மும், வெல்டிங் போட்ட டை ராடும் சாலையில் ஓடின. ஸ்டியரிங் பாகத்தில் வெல்டிங் வைப்பதை அன்றும் இன்றும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. சூடு பட்ட இரும்பு எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்று அந்த அவசியமே இல்லை. சென்னையின் ரானே போன்ற நிறுவனங்கள் 1960களிலிருந்து ஸ்டியரிங் இணைப்புப் பாகங்களை நாட்டுக்குள்ளேயே செய்கின்றன. டை ராட் எண்ட் என்று கேட்டால் கடையில் பெட்டியோடு எடுத்துத் தருகிறார்கள். 2005இல் டாடா ஏஸ் வந்து, 'குட்டியானை' என்ற பெயரோடு ஊர் ஊராகப் பரவிய பிறகு, சரக்கு வண்டியின் உதிரிபாகம் சின்ன ஊர்க் கடைக்கும் வந்துவிட்டது. புதிய பால் ஜாயிண்ட்களில் பலவற்றுக்கு நிப்பிளே கிடையாது. ஆயுளுக்கும் போதுமான கிரீஸ் உள்ளே வைத்து மூடி வருகின்றன. நல்ல ஏற்பாடுதான், ரப்பர் மூடி கிழியாத வரைக்கும். கிழிந்தால் தூசியும் தண்ணீரும் உள்ளே போகும், அந்த மூட்டுக்கு அதோடு முடிவு. அடியில் படுத்துப் பார்க்கும் வேலை குறைந்துவிட்டதால், கிழிந்தது தெரியவும் நாளாகிறது. பவர் ஸ்டியரிங் வந்தது தோள்வலிக்கு விடுதலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கோ ஒரு மூட்டு இறுகுவதையும் சாலை உதைப்பதையும் அது கைக்குச் சொல்லாமல் விழுங்கிவிடும்.

இன்று அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஆட்டம் என்று வண்டி வந்ததும் ஸ்டியரிங் பாக்ஸின் மேலிருக்கும் திருகைத் தேடி ஒரு சுற்று இறுக்கிவிடுகிறார்கள். வளையத்தில் ஆட்டம் உடனே குறைந்தது போலிருக்கும், வண்டிக்காரரும் மகிழ்ந்து போவார். பாக்ஸுக்குள் பற்கள் அதிகம் தேய்வது நேராக ஓடும் நடு இடத்தில்தான். அந்தத் தேய்மானத்தைச் சரிக்கட்ட அளவுக்கு மீறி இறுக்கினால், திருப்பும்போது இரண்டு பக்கமும் பல் கடித்துக்கொள்ளும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. தளர்ந்திருந்த டை ராடோ தளர்ந்தபடியேதான் இருக்கும். இன்னொரு வகையும் உண்டு: எதையும் பார்க்காமல் பாக்ஸையே மாற்றிவிடுவது. பெரிய செலவு செய்த பிறகும் ஆட்டம் அப்படியே நிற்கும்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும், கருவி எதுவும் வேண்டாம். வண்டி தரையில் நிற்க வேண்டும், ஜாக்கியில் அல்ல. பாரம் சக்கரத்தில் இருந்தால்தான் தளர்வு வெளியே வரும். பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓட வேண்டும், அப்போது கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார, மற்றவர் கீழே படுத்து, "அண்ணாச்சி, லேசா ஆட்டுங்க" என்பார். வளையம் இடமும் வலமும் சிறிதே அசைய, கீழே இருப்பவர் மேலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவார். ஸ்டியரிங் தண்டின் கிராஸ் ஜாயிண்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதிக்கிறதா? பாக்ஸே சேஸில் நகர்கிறதா? நகர்ந்தால் போல்ட் தளர்வு, அல்லது சேஸில் விரிசல். பாக்ஸுக்குள் போகும் தண்டு திரும்பியும் பிட்மேன் ஆர்ம் பேசாமல் நிற்கிறதா? அப்போதுதான் பாக்ஸ் மேல் குற்றம். பிறகு ஒவ்வொரு பால் ஜாயிண்ட்மீதும் கை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தளர்வு விரலுக்குத் தெரியும்.

அதன்பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆடினால் இன்னொருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்கட்டும். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் அல்லது முட்டியின் பால் ஜாயிண்ட். கமான் பட்டையின் புஷ் தேய்ந்தாலும் அச்சே முன்பின் நகர்ந்து ஸ்டியரிங் ஆட்டம் மாதிரியே காட்டும். இதைத் தவறவிடுபவர்கள் அதிகம்.

கண்டுபிடித்த பிறகு வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தளர்ந்த போல்ட், பிறகு தேய்ந்த மூட்டும் பேரிங்கும், அதற்கும் பிறகு ஆட்டம் மிஞ்சியிருந்தால் மட்டும் பாக்ஸ் திருகு. திருகைத் தொடும்போது டிராக் லிங்கைக் கழற்றி, சக்கரத்தை நேராக வைத்து, லாக் நட்டைத் தளர்த்திச் சிறுகச் சிறுக இறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிப் பார்த்து, எங்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தால்தான் அடுத்த கால் சுற்று. புதிய டை ராட் எண்ட் மாட்டினால் பழைய காட்டர் பின்னைத் திரும்பப் போடக் கூடாது. புதியது ஒன்றின் விலை ஒரு டீக்காசுகூட வராது. அலைன்மெண்ட் கடைசியில்தான். தளர்ந்த மூட்டோடு அலைன்மெண்ட் பார்த்தால் கம்ப்யூட்டர் திரையில் வரும் எண் கடைவாசலோடு மாறிவிடும், டயரும் சீக்கிரம் தேயும். எல்லாம் முடிந்ததும் முதல் ஓட்டம் சரக்கில்லாமல், ஊர்ச்சாலையில், முப்பது வேகத்தில். திரும்பி வந்து அடியில் படுத்து ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனரால் இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுச் சரக்கு ஏற்றலாம்.