யோசனை இயந்திரத்துடையது, பொறுப்பு நம்முடையது

தில்லிவாழ் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் புதியதன்று. முருங்கைக்காய், கறிவேப்பிலை, கடல்மீன் எனத் தென்னகச் சமையலுக்கு வேண்டியவை ஓரிடத்தில் கிடைக்கும் சந்தை அது. அங்குள்ள மீன் வணிகர் நாள்தோறும் ஒரு முடிவெடுத்தாக வேண்டும்: இன்று எவ்வளவு சரக்கு எடுப்பது? குறைத்தால் வாடிக்கையாளர் வெறுங்கையுடன் திரும்புவார். கூட்டினால் மீன் கெடும். நவராத்திரியில் பலர் புலால் தவிர்ப்பர் என்பது அவர் அனுபவத்தில் அறிந்த கணக்கு.

இத்தகைய கணிப்பைச் செயற்கை நுண்ணறிவும் இன்று செய்து தருகிறது. அதனால் விளையும் பயனோ, தலைமையில் இருப்பவரின் இயல்பைப் பொறுத்தது. எல்லாம் அறிந்தவராகத் தம்மை எண்ணும் நிர்வாகி, தம் கருத்துக்கு ஒத்த விடையை மட்டும் எடுத்துக்கொள்வார். பொறுப்பைத் தட்டிக்கழிப்பவர், "கணினி சொல்லிற்று" என்று ஒதுங்கிக்கொள்வார். மாற்றுக் கருத்துக்கு இடம் தருபவர் அதனை ஓர் ஆலோசகராக அமர்த்தி, அனுபவசாலிகளையும் கேட்டு, முடிவைத் தாமே ஏற்பார்.

அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனம் கணினிக் கணிப்பின் துணையுடன் வீடுகளை வாங்கி விற்றுவந்தது. வருங்கால விலையைச் சரிவரக் கணிக்க இயலாமல், 2021 நவம்பரில் அத்தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது. ஊழியர்களில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினரைக் குறைக்கவும் முடிவு செய்தது. தவறியது கணிப்பு, அதன்மீது எவ்வளவு பணம் வைப்பது என்று தீர்மானித்தவர்கள் மனிதர்கள்.

வங்கித் துறையில் இது இன்னும் முக்கியமானது. தவறான கணிப்பால் ஒரு கடன் மறுக்கப்பட்டால், ஒருவரது கடையோ கல்வியோ தடைப்படலாம். ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2025 ஆகஸ்டில் அளித்த அறிக்கை ஏழு நெறிகளை முன்வைத்தது. மனிதருக்கு முதலிடம், பொறுப்புடைமை, விளங்கும்படியான வடிவமைப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும். இயக்குநர் குழு ஒப்புதல் பெற்ற கொள்கை வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அதாவது, பொறுப்பு உச்சியிலிருந்தே தொடங்க வேண்டும்.

இடித்துரைக்கும் துணையின் தேவையை வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் வலியுறுத்துகிறார். சிறுதொழில் நடத்துவோருக்கும் இது பொருந்தும். கணினியின் யோசனையை ஏற்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தத் தரவிலிருந்து இது வந்தது? எது விடுபட்டது? தவறினால் இழப்பை யார் தாங்குவது?

நவராத்திரி ஆண்டுதோறும் வெவ்வேறு தேதியில் வரும். சென்ற ஆண்டின் தேதியையே நம்பும் கணிப்பைக் கடையின் மூத்த பணியாளர் ஒருவர் திருத்திவிடுவார், முதலாளி அவரைப் பேசவிட்டால்.