ஸ்பீக்கர் பெட்டியின் இலாபம் விளிம்பில் இருக்கிறது

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கத்தில் சிறியதொரு மின்சாதனக் கடை நடத்தி வருகிறேன். ஆம்ப்ளிபயர், றேடியோ திருத்துவதோடு மரத்தில் ஸ்பீக்கர் பெட்டிகள் செய்தும் விற்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் கிண்ணியாவிலிருந்து ஒருவர் நான்கு பெட்டிகளுக்கு ஓடர் தந்தார். மலிவாகக் கிடைக்கிறதே என்று சிப்போட்டில் செய்து, வெளியே பளபளவென்று கறுப்பு பெயின்ட் அடித்து ஓகஸ்ட் மாதம் கொடுத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் நான்கும் திரும்பி வந்தன. "தம்பி, பெட்டி பாண் மாதிரி ஊதிப் போச்சே" என்றார். என் செலவில் நான்கையும் புதிதாகச் செய்து கொடுத்தேன். இலாபமும் போனது, கைக்காசும் போனது.

அந்த நஷ்டத்தில் கற்றதை இத்தொழிலில் இறங்க நினைக்கும் சகோதரர்களுக்காக இங்கு எழுதுகிறேன்.

முதலில், பெட்டி எதற்கு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பீக்கரின் கோன் முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது, பின்பக்கக் காற்று தளர்கிறது. பெட்டி இல்லாவிட்டால் இவ்விரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பேஸ் சத்தம் காணாமல் போவது இதனாற்தான். பின்பக்கச் சத்தத்தை அடைத்து வைப்பது, அல்லது ஒரு குழாய் மூலம் ஒழுங்குபடுத்தி வெளியே விடுவது, இதுவே பெட்டியின் வேலை.

பெட்டியின் அளவைக் கண்மதிப்பில் போடக்கூடாது. அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், ரிச்சர்ட் ஸ்மோல் 1970களிலும் இதற்கான கணக்கை வகுத்துத் தந்தார்கள். நல்ல வூபருடன் வரும் தாளில் எப்.எஸ்., கியூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று மூன்று இலக்கங்கள் இருக்கும். அவற்றைக் கொண்டே பெட்டியின் கொள்ளளவையும் குழாயின் நீளத்தையும் கணிக்க வேண்டும். உதாரணமாக, ஒரு 8 அங்குல வூபருக்கு 40 லீற்றர் பெட்டியும் 45 ஹேர்ட்ஸ் சுருதியும் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளளவு 30, 26, 56 சென்றிமீற்றர் என்று எடுத்தால் 43 லீற்றருக்குச் சற்று அதிகம் வரும். வூபர், குழாய், உள்தாங்கி ஆகியவை பிடிக்கும் இடத்தைக் கழித்தால் 40 மிஞ்சும். உள்விட்டம் 7.5 சென்றிமீற்றர் உள்ள பி.வி.சி. குழாயை 11 சென்றிமீற்றர் நீளத்துக்கு வெட்டினால் போதும். மூன்று பக்கமும் சமமான சதுரப் பெட்டி மட்டும் செய்ய வேண்டாம். ஒரே சுருதி மூன்று திசையிலும் சேர்ந்து முழங்கும்.

அடுத்தது பலகை. சிப்போட்டும் எம்.டி.எப்.பும் மரத்தூளையும் நாரையும் பசை கொண்டு அழுத்திச் செய்தவை. வெட்டிய விளிம்பு ஈரத்தை ஒற்றுத்தாள் போல உறிஞ்சும். ஒருமுறை ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது. தேக்கு, பலா போன்ற முழு மரம் அழகுதான். ஆனால் மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்குவதால் பொருத்துகள் விட்டுப்போகும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையும், வருடம் முழுவதும் உப்புக் காற்றும் உள்ள எமது துறைமுகப் பட்டினத்துக்கு, தண்ணீர் தாங்கும் பசையில் ஒட்டிய 18 மில்லிமீற்றர் பிளைவூட்டே உகந்தது. வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள். படைகளுக்கிடையே வெற்றிடம் இருந்தால் அந்த இடம் பிறகு "கிர்ர்" என்று அதிரும்.

பலகையின் விலை அதிகம் என்று தயங்குவோருக்கு ஒரு கணக்கு. 8க்கு 4 அடிப் பலகை என்பது 244க்கு 122 சென்றிமீற்றர். மேற்சொன்ன பெட்டிக்கு முன்னும் பின்னும் 59.6க்கு 33.6, பக்கங்கள் 59.6க்கு 26, மேலும் கீழும் 30க்கு 26. நினைத்தபடி வெட்டினால் இரண்டு பெட்டிதான் வரும். பலகையை நீளவாக்கில் 60.3 சென்றிமீற்றர் அகலமான இரண்டு பட்டிகளாகக் கிழித்து, பிறகு குறுக்கே வெட்டினால் மூன்று பெட்டி வரும். மிஞ்சும் துண்டுகள் உள்தாங்கிக்கு உதவும். வாளெடுக்க முன்னர் கடதாசியில் வரைந்து பார்க்கும் பத்து நிமிடமே இந்த மூன்றாவது பெட்டியின் பலகைச் செலவைச் சம்பாதித்துத் தருகிறது.

பொருத்தும்போது பசை விளிம்பு முழுவதும் பரவ வேண்டும். ஆணியை மட்டும் நம்பக்கூடாது. உட்பக்க மூலைகளில் மீண்டும் ஒரு கோடு பசை இழுத்துவிடுங்கள். வூபரைப் பூட்டிய பின் குழாயைத் துணியால் அடைத்து, கோனை மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். ஆறுதலாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கம். சட்டென்று வந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது.

இனி, நான் கோட்டை விட்ட இடமான முடிப்பு வேலை. வாடிக்கையாளர் பார்ப்பது முன்பக்கப் பளபளப்பை. பெட்டி கெடுவதோ அவர் பார்க்காத இடங்களில்: அடிப்பக்கம், பின்பக்கம், வூபருக்கு வெட்டிய வட்டத்தின் விளிம்பு, குழாய்த் துவாரம். ஆகவே 120, 180, 240 என்ற வரிசையில் சான்ட் பேப்பர் தேய்த்து, தூசியைத் துடைத்து, உள்ளும் வெளியும் சீலர் பூசுங்கள். வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு மூன்று தடவை பூசுங்கள். அதன் பிறகுதான் நிறம். மழை நாளில் லெக்கர் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூக்கும். வெயில் ஏறும்வரை பொறுத்திருங்கள், அல்லது இரண்டு பகுதி கலக்கும் பொலியூரித்தேன் பாவியுங்கள். அடியில் நான்கு ரப்பர் கால் வைத்தால் ஈரத் தரை தொடாது.

இரும்பு ஸ்குரூ கடற்காற்றில் துருப்பிடித்து மரத்தையும் கறையாக்கும். துருப்பிடிக்காத எவர்சில்வர் அல்லது பித்தளை ஸ்குரூ சிறிது கூடுதல் விலைதான், ஆனால் திரும்பி வராது. கோனைச் சுற்றியுள்ள வளையம் நுரையாக இருந்தால் இந்த ஈரத்தில் நாளடைவில் பொடிந்துவிடும். ரப்பர் அல்லது துணி வளையம் உள்ள வூபரையே தெரிவு செய்யுங்கள்.

கடைசியாக விலை. 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360ஐத் தொட்டபோது இறக்குமதிப் பெட்டிகளின் விலையும் ஏறியது. உள்ளூர்ப் பெட்டிக்கு அது ஒரு வாய்ப்பு. ஆனால் வூபரும் இறக்குமதிதான், பலகையிலும் பெரும்பகுதி அப்படியே என்பதை மறந்துவிடக்கூடாது. பலகை, வூபர், கூலி என்று மட்டும் கணக்குப் போடுகிறவர்கள் சீலர், சான்ட் பேப்பர், காய வைக்கும் நாட்கள் ஆகியவற்றை விட்டுவிடுகிறார்கள். பிறகு அந்த வேலையையே சுருக்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். இப்போது முடிப்பு வேலையைத் தனிச் செலவாக எழுதி, விலையில் சேர்த்து, காரணத்தை வாடிக்கையாளரிடமே சொல்லி விற்கிறேன். இரண்டாம் முறை செய்து கொடுத்த பெட்டிகள் அடுத்த மாரியைத் தாங்கின. அதே கிண்ணியாக் காக்கா தன் மருமகனையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வந்ததும் அவர் செய்த முதல் வேலை, மேசையிலிருந்த பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்ததுதான்.