பரணிலிருந்து இறங்கும் யூரோகிளீன்

பம்பாயின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ 1980களில் குடித்தனம் நடத்திய மாமிகளிடம் வேக்குவம் கிளீனர் என்று பேச்சை எடுத்துப் பாருங்கள். இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வந்த பையனைப் பற்றித்தான் சொல்வார்கள். மே மாதப் புழுக்கத்திலும் கழுத்தில் டை, பளபளக்கும் ஷூ, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்று மாடி சுமந்து ஏறிய பெட்டி. "ஆன்ட்டி, சிர்ஃப் பாஞ்ச் மினிட்" (ஐந்தே நிமிடம்) என்று கதவோரம் நிற்பான். வாங்கப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். வாங்க வேண்டாம், பார்த்தால் போதும் என்பான். அதற்குள் ஒரு கால் உள்ளே வந்திருக்கும்.

அடுத்து நடப்பது நாடகம். கூடத்துத் தரையை அவன் தொடவே மாட்டான். நேரே படுக்கையறைக்குப் போய் மெத்தை விரிப்பை உருவுவான். உறிஞ்சும் முனைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு துணித் துண்டை வைத்து, மெத்தையின் மேல் நாலு இழுப்பு. துணியை எடுத்துக் காட்டினால் அதில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். இன்னொரு துணி, இன்னொரு வட்டம். விடிகாலையில் பெருக்கித் துடைத்துக் கோலம் போட்ட வீட்டில் இவ்வளவு தூசியா? அந்த வட்டத்தைப் பார்த்த பிறகு அன்றிரவு குழந்தையை அதே மெத்தையில் படுக்கவைக்க யாருக்கு மனம் வரும்? வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும். சாயந்திரம் ஆபீஸிலிருந்து வரும் கணவர் கையெழுத்துப் போடுவது சம்பிரதாயத்துக்குத்தான்.

இந்தப் பையன்களை அனுப்பிய யுரேகா ஃபோர்ப்ஸ் 1982-இல் பம்பாயில் தொடங்கிய கம்பெனி. பெயரிலேயே இரண்டு சரித்திரம் இருக்கிறது. ஃபோர்ப்ஸ் என்பது 1767-இல் ஜான் ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பம்பாயில் ஆரம்பித்த வணிக நிறுவனம். 80களில் டாடா குழுமத்தைச் சேர்ந்திருந்தது. யுரேகா 1909-இல் டெட்ராய்ட்டில் பிறந்த அமெரிக்க வேக்குவம் கிளீனர். அதை 1974-இல் ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் வாங்கியது. டாடாவும் எலக்ட்ரோலக்ஸும் கூட்டுச் சேர்ந்தபோது கடையில் வைத்து விற்பதில்லை, வீட்டுக்கே போய் விற்பது என்று முடிவெடுத்தார்கள். அது எலக்ட்ரோலக்ஸின் பழைய வித்தை. விற்பனைப் பையன்களுக்கு யூரோசாம்ப் என்று பெயர் வைத்தார்கள். பட்டம் வாங்கி வேலை கிடைக்காமல் இருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு அதுதான் முதல் சம்பளம், முதல் டை. கம்பெனி தொடங்கியது டெல்லி ஆசிய விளையாட்டும் கலர் டிவியும் வந்த அதே வருடம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், யூரோகிளீன் என்ற அவர்களுடைய வேக்குவம் கிளீனர் எந்தக் காற்றில் வீட்டுக்குள் நுழைந்தது என்பது புரியும்.

நுழைந்தது சரி, நிலைக்கவில்லை. வேக்குவம் கிளீனர் கம்பளம் விரித்த வீடுகளுக்காகப் பிறந்த சாமான். நம்மவர் வீட்டிலோ மொசைக் தரை. காலையில் வீட்டுவேலை செய்யும் பாயி வந்து பெருக்கி, போச்சா போட்டுத் துடைத்துவிட்டுப் போனால் கால் வழுக்குகிற அளவுக்குப் பளிச்சென்று இருக்கும். அவரிடம் இந்த இயந்திரத்தைக் கொடுக்க வீட்டுக்காரிக்குப் பயம். தொட அவருக்கும் பயம். மழைக்காலத்தில் தூசியே ஈரமாக இருக்கும். போதாததற்கு அது போடும் சத்தம். ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் அதை ஓட்டினால் அண்டை வீட்டு ரேடியோவும் கேட்காது. துடைப்பத்துக்கு இந்த ஊரில் இருக்கும் மரியாதையையும் மறக்கக் கூடாது. லட்சுமி பூஜையன்று புதுத் துடைப்பம் வாங்கி மஞ்சள் குங்குமம் வைக்கிற மராட்டியர்கள் பக்கத்து வீட்டில் இருக்கும்போது, பிளக் செருகினால்தான் வேலை செய்யும் ஒன்று அதன் இடத்தை எப்படிப் பிடிக்கும்?

ஆகவே யூரோகிளீன் தீபாவளிக்கு ஒருமுறை இறங்கியது. பிறகு இரண்டு தீபாவளிக்கு ஒருமுறை. பிறகு பரண். விலை கொடுத்து வாங்கியதைத் தூக்கிப் போடுகிற வழக்கம் நமக்கு இல்லையாதலால் அட்டைப்பெட்டி, இணைப்பு முனைகள், உத்தரவாதச் சீட்டு சகிதம் அங்கேயே இருந்தது. கம்பெனிக்கு இதனால் நஷ்டமில்லை. 1984-இல் அவர்கள் கொண்டுவந்த அக்வாகார்டு என்ற தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிதான் அவர்களை வீட்டுக்கு வீடு நிலைநிறுத்தியது. தூசியோடு வாழப் பழகியவர்கள் தண்ணீர் விஷயத்தில் துணியவில்லை.

இதே கதை அமெரிக்காவில் வேறு மாதிரி திரும்பியது. அங்கே பழைய வேக்குவம் கிளீனரைத் தேடிப் பிடித்து, கழற்றி, மெருகேற்றி ஓடவிடுவது ஒரு பொழுதுபோக்கு. சேகரிப்பாளர்களுக்குச் சங்கம் இருக்கிறது. ஒஹாயோ மாநிலத்து நார்த் கேன்டனில் ஹூவர் குடும்பத்தின் பழைய பண்ணை வீட்டை 1978-இல் வேக்குவம் கிளீனர் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். ஹூவர்கள் ஆதியில் தோல்காரர்கள். தோல் பதனிட்டுக் குதிரைச் சேணம் செய்தவர்கள். மோட்டார் கார் வந்தால் சேணத்தை யார் வாங்குவார்கள் என்ற கவலையில் இருந்த வில்லியம் ஹூவரிடம், ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர் என்பவரின் கருவி வந்து சேர்ந்தது. ஸ்பாங்ளர் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தவர், ஆஸ்துமாக்காரர். கூட்டும்போது எழும் தூசி தாங்காமல் மின்விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் துடைப்பக் கம்பையும் சேர்த்து ஒன்றைச் செய்து, 1908-இல் காப்புரிமை வாங்கினார். ஹூவர் அதை விலைக்கு எடுத்துக்கொண்டார். தோல் தொழில் தேய்ந்த இடத்தில் தூசித் தொழில் வளர்ந்தது.

இங்கே பம்பாயின் தாராவிக்கும் இதே வம்சாவளி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் அங்கே இறங்கியது தோல் ஷாப்புகளை நம்பித்தான். 1971-இல் பாந்திராவின் மாட்டுத்தொட்டி தேவ்னாருக்குப் போனது. பிறகு தோல் பதனிடும் தொழிலும் மெல்லக் கழன்றது. அந்த இடத்தைப் பிடித்த தொழில்களில் ஒன்று பங்கார், அதாவது பழைய சாமான். நார்த் கேன்டனில் பழைய இயந்திரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தாராவியின் 13ஆம் காம்பவுண்டில் அதைப் பிரித்துப் போட்டார்கள்.

பிரிப்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பரணிலிருந்து இறங்கி, பழைய சாமான் வாங்கும் ரத்திக்காரர் தராசில் ஏறிய யூரோகிளீன் அங்கே வந்ததும் முதலில் உடல் தனி, மோட்டார் தனி. உடல் எந்த ரகப் பிளாஸ்டிக் என்பதைத் தட்டிச் சத்தம் கேட்டும், ஓரத்தைக் கொளுத்தி வாசனை பிடித்தும் சொல்லிவிடுவார்கள். ரகவாரியாகப் பிரித்து, அரைத்து, கழுவி, கூரையில் காயவைத்து, உருக்கிக் குருணையாக்கினால் அது வேறொரு சாமானாகப் போய்விடும். மோட்டாரிலிருந்து செம்பு. ஸ்க்ரூ கூட வீணில்லை. சேகரிப்பாளர் கண்ணுக்கு இது கொலை. பத்துப் பேர் கூலிக்கு இதுதான் வழி என்பதால் நான் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு ஆதங்கம் உண்டு. அந்த மோட்டார்களில் பெரும்பாலானவை செத்தவை அல்ல. உழைக்காமலே ஓய்வு பெற்றவை.

அன்றைய வேக்குவம் கிளீனரின் உள்ளே இருப்பது மிக்சியில் இருப்பதன் அண்ணன்: யுனிவர்சல் மோட்டார். சுழலும் ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்க இரண்டு கார்பன் பிரஷ், இரு பக்கமும் பேரிங், நுனியில் காற்றை இழுக்கும் விசிறி. மிக்சி ரிப்பேர் தெரிந்த எந்தக் கடைக்காரரும் அதைத் திறக்கலாம். திறப்பதற்கு ஸ்க்ரூ இருக்கிறது. இருபது வருடம் பரணில் கிடந்ததை நேராகப் பிளக்கில் செருகுவதுதான் தப்பு. விவரமானவர்கள் முதலில் நூறு வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுக் கொடுப்பார்கள். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மோட்டார் பிழைக்கும். பல்பு மங்கலாக எரிந்து விசிறி மெல்லச் சுற்றினால் பாதி வேலை முடிந்தது. பிறகு பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றி, காம்யூட்டேட்டரின் கறுப்பை நைஸ் உப்புத்தாளால் எடுத்து, கிரீஸ் உலர்ந்த பேரிங்கைத் தட்டி எடுத்துப் புதிது போடுவது. வைண்டிங் கருகியிருந்தால் மட்டும் காயில் கட்டும் கடைக்குப் போக வேண்டும். கிழிந்த தூசிப் பையை அளவு கொடுத்தால் தாராவியில் எந்தத் தையல்காரரும் கெட்டித் துணியில் தைத்துத் தருவார்.

மாட்டிக்கொள்வது குழாயில். வெடித்துப் போன குழாய்க்கு அதே அளவில், அதே நிறத்தில் மாற்று கிடைப்பது குதிரைக் கொம்பு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கும் இதே தலைவலிதான். ஓடினால் போதும் என்பவர் வேறு குழாயை டேப் சுற்றிப் பொருத்துவார். அசலே வேண்டும் என்பவர் இரண்டு இயந்திரம் வாங்கி ஒன்றாக்குவார். வயரில் மட்டும் அசல் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி. ரப்பர் உதிரும் வயரை வைத்துக்கொண்டு அழகு பேசுவது உயிரோடு விளையாட்டு.

இன்றைக்கு வருவோம். டை கட்டிய பையனுக்கு இப்போது சொசைட்டி வாசலைத் தாண்ட வழியில்லை. கேமரா, வாட்ச்மேன், மொபைலில் அனுமதி. யுரேகா ஃபோர்ப்ஸே கை மாறிவிட்டது: முதலில் ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமம், 2021-இல் அறிவித்த ஒப்பந்தத்தின்படி அட்வென்ட் இன்டர்நேஷனல். 2020 ஊரடங்கில் பாயிகள் வர முடியாமல் போன மாதங்களில் ரோபோ வேக்குவம் வீடுகளுக்குள் வந்தது. வட்டமாக, தட்டையாக, கட்டிலுக்கடியில் தானே போய்த் தானே திரும்பும் ஒன்று. மொசைக் போய் வழுவழு டைல்ஸ் வந்ததால் அதற்குத் தடையும் இல்லை, துடைக்கவும் செய்கிறது. நாற்பது வருடம் முன்னால் வந்த இயந்திரத்தால் ஆகாததை இது செய்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பேட்டரி தளர்ந்த பிறகு இதைத் திறந்து பார்க்கும் கடை அரிது. சர்க்யூட் போர்டு போனால் போனதுதான். 2060-இல் யாரும் இதைப் பரணில் கண்டெடுத்து, சீரிஸ் பல்பு போட்டு எழுப்ப முடியாது.

இன்னொரு மாற்றம் எனக்கு அதைவிடச் சுவாரசியம். தீபாவளி நெருங்கினால் வீட்டை ஒட்டுமொத்தமாகச் சுத்தம் செய்ய மொபைலில் ஆள் பதிவு செய்கிறார்கள். அர்பன் கம்பெனி போன்றவற்றின் சீருடைப் பையன்கள் பெரிய வேக்குவம் கிளீனரோடு வருகிறார்கள், சோபாவையும் மெத்தையையும் உறிஞ்சிவிட்டு இயந்திரத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வேக்குவம் கிளீனர் தொடங்கியதே இப்படித்தான். 1901-இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் செய்த முதல் கருவியைக் குதிரை வண்டியில் கொண்டுவந்து தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாய் விட்டு உறிஞ்சுவார்கள். மறு வருடம் ஏழாம் எட்வர்ட் முடிசூட்டு விழாவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை அதுதான் சுத்தம் செய்தது. பொதுவாக இயந்திரத்தை வாங்கவில்லை, வரவழைத்தார்கள். பூத்தின் இயந்திரம் முழங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் பம்பாயில் 1896 பிளேக்கின் பயம் தெளியவில்லை. காற்றும் வெளிச்சமும் வரும்படி வீடு கட்ட வேண்டும் என்று 1898-இல் ஏற்பட்ட இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்தான் தாதர்-மாட்டுங்கா திட்டத்தைப் போட்டது. தமிழ் குமாஸ்தாக்கள் குடியேறிய அகலத் தெருக்கள் அதிலிருந்து பிறந்தவை.

அந்தத் தெருக்களின் கட்டடங்களுக்கும் இப்போது வயதாகிவிட்டது. மாட்டுங்காவிலும், செம்பூரின் திலக் நகரிலும் பழைய கட்டடங்களை இடித்துக் கோபுரம் எழுப்புவது மும்முரமாக நடக்கிறது. புது ஃபிளாட்டுகளில் பளிங்கு உண்டு, ஜிம் உண்டு, பரண் இல்லை. காலி செய்யும் வாரத்தில் முப்பது நாற்பது வருடச் சாமான் ஒன்றாகக் கீழே இறங்குகிறது. பித்தளை அண்டாவை மருமகள் எடுத்துக்கொள்வாள், கிராமபோனோ கடிகாரமோ இருந்தால் சோர் பஜாருக்குப் போகும். யூரோகிளீனைக் கேட்க ஆளில்லை. 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மின்கழிவு விதிகளில் வேக்குவம் கிளீனரும் சேர்ந்துவிட்டதால் சட்டப்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும். நடைமுறையில் ரத்திக்காரர் முந்திக்கொள்கிறார். அவர் கொண்டு சேர்க்கும் தாராவிக்கும், 2022-இல் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்த பிறகு, இடிப்புக் கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது.

எனவே இந்த ஊரில் யாராவது பழைய வேக்குவம் கிளீனர் சேர்க்கத் தொடங்குவதாக இருந்தால், இதைவிட நல்ல காலம் வராது. விளம்பரம் தேவையில்லை. மறுகட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தான கட்டடங்களின் வாட்ச்மேன்களிடம் சொல்லி வைத்து, ரத்திக்காரர் தரும் விலையைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் போதும். குழாயையும் மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக்காரர்கள் அதை வேறொரு மூலையில் வைத்திருப்பார்கள்.